சூடம் சுடாத கை

எங்கள் வீட்டில் மாட்டுக்கொட்டம் இருந்தது, மாடு இல்லை. மாடு கட்ட வேண்டிய இடத்தில் மரம் அறுக்கும் மிஷின்கள் வரிசையாக நின்றன. எல்லாமே பழசு. ஒன்று, கொடைக்கானல் மலையில் யாரோ எஸ்டேட்டை விற்றுவிட்டுப் போனபோது கீழே வந்தது. ஒன்று, மேலூர்ப் பக்கம் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. இன்னொன்றை, அதை வைத்திருந்தவர் செத்த பிறகு அவருடைய மகன்களே பரணிலிருந்து இறக்கிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதைப் பார்த்தாலே அவர்களுக்குப் பயமாம். உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரைச் சுற்றி எங்கே ஒரு பழைய மிஷின் உயிரை விட்டாலும் கடைசியில் அது அப்பாவிடம்தான் வந்து சேரும். "வீட்டுல ஒரு பீரோவுக்கு வழியில்ல, கொட்டத்துல பாரு, அம்புட்டும் ஓட்ட ஒடசலு" என்று அம்மா சொல்லுவாள். அப்பா காதில் போட்டுக்கொள்ளமாட்டார். போட்டுக்கொண்டாலும் பாதிதான் விழுந்திருக்கும். அந்த மிஷின்களின் இரைச்சலில் அவருடைய காது அப்போதே பாதி போயிருந்தது.

அப்பாவுக்கு மரம் அறுப்பதுதான் தொழில். கருவேல மரத்துக்கு ஒரு மிஷின், தென்னைக்கு ஒன்று, புளியமரத்தின் அடிக்கட்டைக்கு ஒன்று என்று பிரித்து வைத்திருந்தார். இருப்பதிலேயே பெரியதற்குப் 'பெரியவர்' என்று பெயர். சிவப்புப் பெயிண்ட் உதிர்ந்து, ஒரு வளர்ந்த ஆட்டுக்குட்டியின் கனத்தில், கைப்பிடிகூட வெறும் இரும்பாக இருக்கும். கயிற்றை இழுத்து அதைக் கிளப்புவதற்குள் ஒரு ஆளுக்கு வேர்த்துவிடும். கிளம்பிவிட்டால் பக்கத்தில் இருக்கும் நாய்கள் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விடும். "மிஷினு கனமா இருந்தா அதுவே அறுக்கும், நம்ம சும்மா புடிச்சுக்கிட்டு நின்னாப் போதும்" என்பது அப்பாவின் சித்தாந்தம். சும்மா பிடித்துக்கொண்டு நின்றால் மனுஷனுக்கு என்ன ஆகும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நான் ஒரே பெண். அப்பாவுக்கு வேலை இல்லாத நாட்களில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. நான் வீட்டுக்குள் கண்ணை மூடி உட்கார்ந்துகொள்ள வேண்டும். அவர் கொட்டத்தில் ஏதாவது ஒரு மிஷினைக் கிளப்புவார். எந்த மிஷின் என்று நான் கத்த வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் ஓடிவந்து என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்வார். பெட்ரோலும் ஆயிலும் மரத்தூளும் கலந்த வாடை அவர் சட்டையில் இருக்கும். மற்றப் பிள்ளைகளின் அப்பாக்கள் மேல் சோப்பு வாடை வருவது எனக்கு விசித்திரமாக இருந்தது. தப்பாகச் சொன்னாலும் தூக்கத்தான் செய்வார் என்பதால் சில சமயம் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லுவேன்.

எங்கள் பக்கத்தில் ஒரு மரத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் வெட்டிவிட முடியாது. அடியில் மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, குருவியோ பாம்போ பேயோ, அதில் குடியிருப்பவர்கள் எல்லோரும் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் மிஷினைத் தொடுவார்கள். ஒருமுறை அப்பா போன இடத்தில் சூடம் வைக்கத் தட்டும் இல்லை, வெற்றிலையும் இல்லை. காற்று வேறு. அவசரத்துக்கு வலது கை விரல்களைச் சேர்த்து நீட்டி அதன்மேல் சூடத்தை வைத்துக் கொளுத்தினார். சுடுவதற்குள் உதறிவிடலாம் என்றுதான் நினைத்தாராம். சுடவில்லை. சூடம் முழுவதும் எரிந்து அடங்கும்வரை அவர் முகம் மாறவில்லை. தோட்டத்துக்காரர் அங்கேயே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டுவிட்டார்.

அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. மரம் வெட்டக் கூப்பிடுகிறவர்கள் "தட்டெல்லாம் வேணாண்ணே, நீங்க கையிலயே ஏத்துங்க" என்றார்கள். சூடம் எரிந்த கையால் திருநீறு பூசிக்கொள்ள ஆட்கள் நின்றார்கள். காய்ச்சல் கண்ட பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா சாயங்காலம் அவர் விரல்களில் கிளம்பியிருக்கும் கொப்புளங்களுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள். சாமி சூட்டை வாங்கிக்கொள்ளுமாம், கொப்புளத்தை வாங்கிக்கொள்ளாதாம். அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அப்பா ஊரை ஏமாற்றினார் என்று நினைத்துவிட வேண்டாம். அவரும் அப்படித்தான் நம்பினார். நானோ பள்ளிக்கூடத்தில் தலைகால் புரியாமல் திரிந்தேன்.

அந்த வருடம் பொங்கலுக்கு மாமா வந்தார். அம்மாவின் தம்பி. விளாங்குடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, மதுரைக்குள் வீடுகளுக்கு மேல் கவியும் மரங்களைக் கழித்துக்கொடுக்கும் வேலை பார்த்தார். வரும்போது ஒரு புது மிஷினைக் கைக்குழந்தையைப் போலத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். ஆரஞ்சு நிறம். பளபளவென்று இருந்தது. கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் ரப்பர் கட்டைகள் வைத்திருந்தார்கள். மிஷின் துள்ளினால் மரத்தை அறுக்கும் செயினைத் தானாக நிறுத்திவிட முன்னால் ஒரு தடுப்பும் இருந்தது. அப்பா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ள, இது மரத்த அறுக்கவா, மாங்கா நறுக்கவா?" என்றார். மாமா சிரித்துக்கொண்டே, "அறுத்துப் பாத்துருவமா மச்சான்?" என்றார்.

எங்கள் கொல்லையில் மழைக்காலத்துக் காற்றில் விழுந்த வேப்பமரம் ஒன்று கிடந்தது. மறுநாள் விடிந்ததும் அதன் ஒரு தலைப்பில் அப்பா பெரியவரோடு நின்றார், மறுதலைப்பில் மாமா புது மிஷினோடு நின்றார். தைமாதக் குளிர் இன்னும் விடவில்லை. யாருடைய துண்டு முதலில் விழுகிறது என்று சொல்லும் பொறுப்பு எனக்கு. அப்பாதான் ஜெயித்தார். பெரியவர் போட்ட சத்தத்தில் மரம் பயந்தே விழுந்திருக்கும் என்று அம்மா சொன்னாள். ஆனால் மிஷினைக் கீழே வைத்த பிறகும் அப்பாவின் விரல்கள் அதைப் பிடித்திருந்த வாக்கிலேயே மடங்கி நின்றன. நுனியெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது. கொதிக்கக் கொதிக்கக் கொண்டுவந்த டீயை அவர் டம்ளரோடு அப்படியே பிடித்துக்கொண்டார், கொஞ்ச நேரத்தில் அதைக் கீழே விட்டுவிட்டார். மாமா அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "மச்சான், இந்தப் பழசையெல்லாம் ஓரங்கட்டுங்க. என்னோடத எடுத்துக்கங்க, நான் வேற வாங்கிக்கிறேன்" என்றார். அப்பா, "கையில சாமி இருக்கும்போது எனக்கு எதுக்குடா ரப்பரு?" என்று சிரித்தார்.

அப்போது நான் சும்மா இருக்கவில்லை. இரண்டு மிஷினும் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியில் கைவைத்துப் பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது. பெரியவரைத் தொட்டதும் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது. கையை எடுத்த பிறகும் உள்ளங்கையில் எறும்பு ஊறுவது நிற்கவே இல்லை. மாமாவின் மிஷினில் ஒன்றும் இல்லை, பூனை முதுகில் கைவைத்தது மாதிரி இருந்தது. "இதுல கையே ஆடலப்பா, மாமா மிஷினுதான் நல்லாருக்கு" என்று எல்லோரும் கேட்கக் கத்தினேன். அப்பாவின் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. ஜெயித்தவருக்கு முன்னால் தோற்றவர் மிஷினைப் புகழ்ந்தால் யாருக்குத்தான் பிடிக்கும்.

மாமா போன பிறகு ஒருநாள் அப்பா என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு செயின் பல்லைத் தீட்ட அரம் வாங்க உசிலம்பட்டிக்குப் போனார். எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வந்துவிட்ட வயது எனக்கு. கண்ணில் படும் கடைப்பலகை, பஸ்ஸின் முதுகு, சுவர் எதையும் விடாமல் சத்தமாக வாசித்துக்கொண்டே போவேன். எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும் அப்பாவுக்கும் அது பெருமைதான். ஊர் எல்லையில் ஒரு சுவரில் மஞ்சள் அடித்து அரசாங்க விளம்பரம் எழுதியிருந்தார்கள். உணர்ச்சி இல்லாத தேமலும், கை கால் மரத்துப்போவதும் தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று அதில் இருந்தது. பாட்டுப் பாடுவது போல அதை வாசித்தேன். வண்டி நின்றுவிட்டது. "இன்னொருக்கா வாசி தாயி" என்றார். என் வாசிப்பில் மயங்கிவிட்டார் என்று நினைத்து இன்னும் சத்தமாக வாசித்தேன். "அதுக்குக் கீழ என்ன போட்டுருக்கு?" என்று கேட்டார். கீழே எழுதியிருந்ததன்மேல் யாரோ தங்கள் வீட்டுக் காதணி விழாவுக்குப் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். தாய்மாமன்கள் வரிசையாகக் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இந்த வியாதி மருந்தில் முழுதாகக் குணமாகும், மருந்தும் இலவசம் என்ற வரி அந்தப் போஸ்டருக்கு அடியில்தான் இருந்திருக்க வேண்டும். மற்ற ஊர்ச் சுவர்களில் அதைப் பின்னால் பார்த்திருக்கிறேன்.

அரம் வாங்காமலே வண்டியைத் திருப்பினார். அன்றைக்குச் சாயங்காலமே அவருக்கென்று ஒரு தட்டும் டம்ளரும் தனியாக எடுத்துக்கொண்டு கொட்டத்துக்குப் போய்விட்டார். பாயும் அங்கே போனது. சாமிக்கு விரதம், யாரும் தன்னைத் தொடக்கூடாது என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா நம்பினாள். சூடம் சுடாத மனுஷன் விரதம் இருப்பதில் நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கத்தில் தொழுநோயின் பெயரைக்கூட யாரும் சொல்லமாட்டார்கள், 'பெருவியாதி' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள். பெருவியாதி வந்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள், பெண் எடுக்கமாட்டார்கள். நேற்றுவரை அந்தக் கையால் திருநீறு பூசிக்கொண்ட ஊரில் அப்பா இதைப் போய் யாரிடம் சொல்வார்? சூடம் ஏற்றுவதை நிறுத்தினாலும் ஏன் என்று கேட்பார்கள். அதனால் அதையும் நிறுத்தவில்லை. கொப்புளத்துக்கு எண்ணெய் தடவ மட்டும் அம்மாவை விடவில்லை.

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அப்பா என்னைத் தூக்குவதில்லை. பக்கத்தில் போனால் நகர்ந்து உட்கார்ந்தார். கொட்டத்து வாசலில் நின்று, "எந்த மிஷினுன்னு சொல்றேன், கெளப்புப்பா" என்று கேட்டால், "போயிப் படி" என்றார். மாமா மிஷினை நல்லாயிருக்கு என்று சொல்லித் தொலைத்ததால்தான் இந்தக் கோபம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. பெரியவர்தான் நல்ல மிஷின் என்று கொட்டத்துச் சுவரில் கரியால் எழுதிக்கூடப் பார்த்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இருமுவது கேட்கும். அழுகை வரும், அழுவேன். அம்மா, "விரதம் முடியட்டும்டி" என்பாள். எப்போது முடியும் என்று அவளுக்கும் தெரியாது.

ஆடிக்காற்றில் எழுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பெரிய வாகைமரம் கிணற்றுமேல் சாய்ந்துவிட்டது. தோட்டத்துக்காரர் வீட்டுக்கே வந்து, சாமி கைக்காரர் குடும்பத்தோடு வர வேண்டும், சாப்பாடு அங்கேதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆள் போதாது என்று அம்மா மாமாவையும் வரச்சொன்னாள். நாங்கள் போனபோது ஊரே திரண்டிருந்தது. அப்பா மஞ்சள் தண்ணீர் தெளித்தார், தேங்காய் உடைத்தார், விரல்களின்மேல் சூடத்தை ஏற்றினார். எரிந்து முடிந்ததும் திருநீறு வாங்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். முன்பெல்லாம் அவரே நெற்றியில் பூசிவிடுவார். அன்றைக்கு, ஏந்திய கைகளில் மேலிருந்து உதிர்த்துக்கொண்டிருந்தார்.

நானும் அந்த வரிசையில் போய் நின்றேன். வரிசையில் வருகிறவர்களுக்கு அவர் கொடுத்துத்தானே ஆக வேண்டும் என்று நினைத்தேன். என் முறை வந்தது. என்னைப் பார்த்ததும் திருநீற்றை எடுத்த கை அப்படியே நின்றது. நான் கையை ஏந்தவில்லை. எட்டி அவர் கையைப் பிடித்து என் நெற்றியில் வைத்துக்கொள்ளப் போனேன்.

"தொடாத!"

அவர் கையை உதறிய வேகத்தில் நான் மல்லாக்க விழுந்தேன். கூட்டத்தில் யாரோ அம்மாவைத்தான் ஏசினார்கள், சாமி இருக்கிற நேரத்தில் பிள்ளையை அவிழ்த்துவிடலாமா என்று. அப்பா என்னைத் தூக்க இரண்டடி வந்தார். பிறகு நின்று, திரும்பிப் போய், பெரியவரின் கயிற்றை இழுத்தார்.

மரத்தில் பாதிகூட இறங்கவில்லை. மிஷினின் மூக்கு ஏதோ முடிச்சில் இடித்து மேலே துள்ளியது. அந்த மாதிரி நேரத்தில் விசையிலிருந்து விரலை எடுத்துவிட வேண்டும், எத்தனையோ முறை எடுத்திருக்கிறார். அன்றைக்கு விரல் விசைமேல் இருக்கிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியவில்லை. மாமாவின் மிஷினாக இருந்திருந்தால் செயின் தானாக நின்றிருக்கும். பெரியவருக்கு நிற்கத் தெரியாது. அது அப்பாவின் தொடையில் இறங்கியது. மாமா ஓடிவந்து தன் வேட்டியைக் கிழித்துக் கட்டினார். என் கண்ணை அம்மா பொத்திவிட்டாள். அதற்குமுன் பார்த்துவிட்டேன்.

மதுரை பெரியாஸ்பத்திரியில் நடந்ததை, நான் கல்லூரியில் படிக்கும்போதுதான் மாமா சொன்னார். தையல் போட்ட டாக்டர் அப்பாவின் விரல்களில் இருந்த சூட்டுத் தழும்புகளைப் பார்த்துவிட்டு இதென்ன என்று கேட்டிருக்கிறார். அப்பா மாமாவை வெளியே போகச்சொல்லிவிட்டு, பெருவியாதியா என்று கேட்டு டாக்டரிடம் கையை நீட்டியிருக்கிறார். மாமா போகாமல் கதவருகே நின்றிருக்கிறார். டாக்டர் ஊசியால் விரல் விரலாகக் குத்திப் பார்த்து, உடம்பு முழுக்கத் தேமல் தேடி, அப்பா பயந்த வியாதி இல்லை என்றார். இத்தனை வருடம் இரும்புக் கைப்பிடி உதறி உதறியே விரல் நரம்புகள் செத்துவிட்டன, இனி மிஷினைத் தொடக்கூடாது, போன உணர்ச்சி அநேகமாகத் திரும்பாது என்றும் சொன்னாராம். தொழில் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது அப்பா கேட்டது வேறு.

"அப்ப பிள்ளையத் தூக்கலாங்களா?"

தாராளமாகத் தூக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் அப்பா அழுத அழுகையை மாமா அதற்குமுன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவுக்குக் காலில் தையல் என்றார்கள், அவ்வளவுதான். வாடகைக் காரில் வந்து இறங்கியவரை மாமா கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். கொட்டத்துக்கு அல்ல, வீட்டுக்குள் கட்டிலுக்கு. உட்கார்ந்ததும் என்னைத் தேடினார். "இங்க வா தாயி" என்றார். வாகைமரத்தடியில் விழுந்தது நினைவில் இருந்ததால் மெல்லத்தான் போனேன். எட்டும் தூரம் வந்ததும் இரண்டு கைகளாலும் என் கன்னங்களைப் பிடித்தார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆனால் பிடி இறுகிக்கொண்டே போனது. விரல்கள் என் கன்னத்தில் அழுந்தின, நகர்ந்தன, மறுபடி இன்னும் பலமாக அழுந்தின. பல்லில் கன்னம் குத்தியது.

"வலிக்குதுப்பா" என்று அலறினேன்.

சட்டென்று விட்டுவிட்டார். கைகளை மடியில் போட்டுக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா மிஷினை நான் புகழ்ந்த கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்று நினைத்து, ஓடிப்போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா மறுபடி கூப்பிட்டார், நான் போகவில்லை. கைக்குள் என் கன்னம் இருப்பது அந்த விரல்களுக்குத் தெரியவே இல்லை, அழுத்தி அழுத்தி அதைத் தேடிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.